ஒரு பெயரும் ஒரு கட்சியும்

ஒரு கட்சி வளர்வதற்குக் கொள்கையும் தலைவர்களும் மட்டும் போதா. கட்சி தாங்கும் பெயரைத் தம் பெயரென மக்கள் ஏற்கவும் வேண்டும். மணிப்பூர் மலைகளில் தோன்றிய குக்கி தேசிய சபையின் வரலாறு இவ்வுண்மையை விளக்குகிறது.

முதல் உலகப் போர்க்காலத்தில், 1917ஆம் ஆண்டில், பிரான்சு நாட்டில் பணிபுரியத் தொழிலாளர் படைக்கு ஆள் தருமாறு ஆங்கிலேயர் கேட்டனர். குக்கித் தலைவர்கள் பலர் மறுத்தனர். 1919 வரை நடந்த போரில் அவர்கள் தோற்றனர். ஆயினும், சேர்ந்து நின்ற நினைவு அழியவில்லை. ஆங்கில ஆட்சி முடியுந்தறுவாயில், 1946இல், குக்கி தேசிய சபை பிறந்தது. குக்கியருக்குத் தனி மாநிலம் வேண்டுமென்று 1960இல் அது பிரதமர் நேருவுக்கு விண்ணப்பித்தது. மணிப்பூர் 1972இல் மாநிலமாயிற்று. 1974ஆம் ஆண்டுத் தேர்தலில் சபை பெற்றவை 60 இடங்களுள் 2, 1980இலும் 2.

ஏன் அதற்குமேல் வளரவில்லை? 'குக்கி' என்பது பிறர் இட்ட பெயர். அப்பெயருக்குள் தாடோ, பைத்தே, வைபே, மார் எனப் பல குழுவினர் அடக்கப்பட்டிருந்தனர். அவர்களுள் பலர் தத்தம் குலப்பெயரையே பெரிதெனக் கருதினர். பைத்தே மக்கள் 1949இலேயே தனி மன்றம் கண்டனர். 1951ஆம் ஆண்டின் பழங்குடிப் பட்டியல் குக்கியர் அனைவரையும் ஒரே பெயரால் குறித்தது. 1956இல் அப்பொதுப்பெயர் நீங்கிற்று. மணிப்பூருக்கு 29 பழங்குடிகளின் பெயர்கள் தனித்தனியே இடம்பெற்றன. அரசுச் சலுகை குலப்பெயரைச் சார்ந்தபின், பொதுப்பெயரை நம்பிய கட்சியின் அடித்தளம் தளராதிருக்குமா?

பின்னர் ஆயுதக் குழுக்களின் குரல் ஓங்கிற்று. 1992 முதல் நாகருக்கும் குக்கியருக்கும் மோதல் மூண்டது. 1997இல் குக்கியருக்கும் பைத்தேயருக்குமிடையேயே குருதி சிந்திற்று. வாக்காளர் பலர் அகில இந்தியக் கட்சிகளையும் நாடினர். சபை மங்கியது.

2003இல் 'குக்கி' என்னும் பொதுப்பெயர் மீண்டும் பட்டியலில் சேர்ந்தது. அதற்காக உழைத்த கட்சிக்கோ பழைய வலிமை இல்லை. 2022இல் குக்கி மக்கள் கூட்டணி என்னும் புதுக்கட்சி தோன்றி, 60 இடங்களுள் அதே 2 இடங்களை வென்றது. 2023இல் மெய்தேயி மக்களுக்கும் குக்கியருக்குமிடையே பெருங்கலவரம் மூண்டபின், அவ்வாண்டு ஆகஸ்டில் அது மாநில அரசுக்கு அளித்த ஆதரவை விலக்கிக்கொண்டது.

மாணவ நண்பர்களே! துன்பம் நேரும்போது மக்கள் ஒரு பெயரின்கீழ் விரைந்து கூடுவர். துன்பம் தணிந்த பின்னும் அவர்களைக் கூட்டிவைக்க, உள்ளிருக்கும் ஒவ்வொரு சிறு குழுவுக்கும் உரிய மதிப்பளிக்க வேண்டும். அதுவே கட்சிகளுக்குக் கடினமான பாடம்.