நாற்பது மில்லிகிராம் எரிச்சல்

முடக்குவாதத்துக்கு வந்த பயாலஜிக் மருந்துகளின் கதையை டாக்டர்கள் மூட்டிலிருந்து சொல்வார்கள். ஊசி போடுகிற நர்ஸ் நான். எனக்குக் கண்ணில் படுவது தோல்.

1992இல் லண்டன் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் ஆய்வாளர்களான ஃபெல்ட்மனும் லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும் இன்ஃப்ளிக்ஸிமாபை முதன்முதலாக முடக்குவாதக்காரர்களுக்குக் கொடுத்தது டிரிப்ஸில். தோலுக்கடியில் போடும் எட்டனர்செப்ட் 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தொடை சிவப்பதும் அரிப்பதும் அதோடு வந்தவை. ஆய்வுகளில் 37 சதவீதம் பேருக்கு இப்படி ஆனது. பெரும்பாலும் முதல் மாதத்தில், மூன்று முதல் ஐந்து நாளில் அடங்கிவிடும். “சிஸ்டர், இந்தத் தொடையில போட்டா அந்தத் தொடையில பழைய இடம் செவக்குது” என்று ஒரு டீச்சர் வந்து நின்றார். கற்பனை இல்லை, அப்படியும் நடப்பதுண்டு.

அடுத்து 2002 கடைசியில் அடாலிமுமாப். ஊசி உள்ளே போகும்போதே பல்லைக் கடிப்பார்கள். அந்த எரிச்சலில் பெரும்பங்கு மருந்தினுடையது அல்ல, அதோடு கலந்திருந்த சிட்ரேட்டினுடையது. சிட்ரேட் இல்லாத வடிவம் அமெரிக்காவில் கடைக்கு வந்தது 2018இல். அதே 40 மில்லிகிராம், ஆனால் 0.8 மில்லி 0.4 ஆகியிருந்தது. இவ்வளவு காலம் ஏன்? கைவிரல் நிமிர்ந்தால் போதும் என்றிருந்தவர்களின் ஊசி வலியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது என் எண்ணம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அரைமணி நேரம் வெளியே வைப்பது, தொப்புளைச் சுற்றி இரண்டு அங்குலம் விடுவது, இடம் மாற்றிப் போடுவது, போட்டபின் தேய்க்காமல் விடுவது எல்லாம்தான் அதுவரை எங்கள் கைவைத்தியம். 2014 டிசம்பரில் ஸைடஸ் மலிவான அடாலிமுமாபை இந்தியாவில் இறக்கியபின், இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர்களும் கூடிப்போனார்கள்.

விசித்திரம் இன்னொன்று. 2004இல் எட்டனர்செப்ட் சொரியாசிஸுக்கும் மருந்தானது. ஏறக்குறைய அதே காலத்தில், இதே வகை ஊசி போட்டுக்கொண்ட முடக்குவாதக்காரர்கள் சிலருக்குப் புதிதாகச் சொரியாசிஸ் கிளம்புவதாக மருத்துவ இதழ்களில் எழுதத் தொடங்கினார்கள். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சீழ்க்கொப்புளம். இந்த ஊசிகள் குறிவைக்கும் டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தை அடக்கினால் இன்டர்ஃபெரான் என்ற இன்னொரு புரதம் தலைதூக்குகிறது என்பது டாக்டர்கள் சொல்லும் விளக்கம்.

ஊசியை நிறுத்திவிடுவார்களோ என்று கையை மடக்கி மறைப்பவர்கள் உண்டு. கொஞ்சமாக இருந்தால் பெரும்பாலும் ஸ்டீராய்டு களிம்போடு அதே ஊசி தொடரும்; பரவினால் வேறு வகைக்கு மாற்றுவார்கள். அதனால் ஊசியைப் பிரிக்குமுன் நான் கேட்பது கையை விரித்துக் காட்டுங்கள் என்றுதான், செருப்பையும் கழற்றச் சொல்வேன்.