ஒரு ஓட்டு குறைவாக

2018 அக்டோபர் 2-ஆம் தேதி விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு வெளியானது. சில நாட்களிலேயே மைக்ரோசாப்ட் அதன் விநியோகத்தை நிறுத்தியது. மேம்படுத்திய சிலருடைய கணினியில் ஆவணங்களும் படங்களும் காணாமல் போயிருந்தன. செய்தியைப் படித்ததும் ஜாசின் வீட்டுக் கணினியைத் திறந்து நான் தேடியது ஒரே ஒரு கோப்புறையைத்தான். தோட்டத்துக் கோயில் கணக்கும், தோட்டம் மூடியபோது லயத்தைவிட்டுப் போன குடும்பங்களின் பெயர்களும் அதில் இருந்தன. அப்பா தட்டச்சு செய்தவை.

கோப்புறை பத்திரமாக இருந்தது. அதில் என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. படிக்கிற காலத்திலேயே இன்சைடர் திட்டத்தில் சேர்ந்து, வெளியீட்டுக்கு முந்தைய பதிப்புகளை அந்தக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். நகல் எடுத்து வைத்ததில்லை. "நல்லா ஓடுறத ஏன்டா நோண்டுற?" என்பார் அப்பா.

கோப்புகள் அழிந்த விதம் எளிது. சிலர் ஆவணக் கோப்புறையை வேறு வட்டுக்கு மாற்றியிருந்தார்கள். பழைய இடத்தில் மிஞ்சியிருப்பது வெறும் கோப்புறை என்று நினைத்து மேம்படுத்தல் அதை நீக்கியது. அங்கே இன்னும் கோப்புகள் இருந்தால் அவையும் போயின. என்னை உறுத்தியது வேறு விஷயம். வெளியீட்டுக்கு முன்பே சில சோதனையாளர்கள் இதைப் புகாராக எழுதியிருந்தார்கள். ஆதரவு ஓட்டு குறைவாக இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. பிறகுதான் பாதிப்பு எவ்வளவு கடுமையானது என்று குறிப்பிடும் வசதியைப் புகார்ப் படிவத்தில் சேர்த்தார்கள்.

ஓட்டு குறைவு என்பது தமிழுக்குப் பழகிய கதை. 1991-இல் யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. ஆனால் விண்டோஸுக்குள் லதா எழுத்துருவோடு அது வர 2000 ஆனது. எக்ஸ்பியிலும் தனியாக ஒரு பெட்டியில் டிக் போட்டு, சிடியைச் செருகினால்தான் எழுத்து ஒழுங்காக வரும். இல்லையென்றால் 'கொ'வின் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். தமிழ் வாசிக்கத் தெரியாத சோதனையாளருக்கு அதில் பிழையே தெரியாது.

இந்த இடைவெளியை நம்மவர்களே நிரப்பினார்கள். மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985-இல் முரசு மென்பொருளை உருவாக்கினார். 2005-இல் வந்த மேக் ஓஎஸ் எக்ஸ் 10.4-இல் அவருடைய இணைமதி எழுத்துரு இடம்பெற்றது. 1999-இல் சென்னை மாநாட்டையொட்டி அறிவிக்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகை விண்டோஸுக்குள்ளேயே வந்து சேர்ந்தது 2019 மே மாதப் பதிப்பில். இருபது வருஷம்!

மலாக்காவுக்கு இன்னொரு பழைய சோதனையும் உண்டு. 1896-இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் என்று அதைச் சொல்வார்கள். சோதனை வென்றது. தோட்டங்கள் பெருகின, மரம் வெட்டத் தமிழர்கள் வந்தார்கள். பிறகு தோட்டத் துண்டாடல் வந்தது. கித்தா போய்ச் செம்பனை வந்தது. எந்த மாற்றத்துக்கும் லயத்து மக்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எண்ணிக்கையில் தோற்றிருப்பார்கள்.

அப்பாவின் கோப்பு பழைய எட்டு பிட் எழுத்துருவில் இருந்தது. அந்த எழுத்துரு இல்லாத புதுக் கணினியில் திறந்தால் தலையில் கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகள்தான் தெரிந்தன. ஒவ்வொரு குறியாக அட்டவணை போட்டு யூனிகோடுக்கு மாற்றினேன். புரியாத இடத்தில் அப்பாவைக் கேட்டேன். "இது மூணாம் லயத்துக் குடும்பம்டா" என்று பெயரோடு கதையும் சொன்னார்.

இப்போதும் சோதனைப் பதிப்புகளை ஏற்றுகிறேன். ஆனால் வேறு வட்டில், இரண்டு நகல் எடுத்த பிறகு. ஏற்றியதும் முதலில் அந்தப் பெயர்ப் பட்டியலைத் திறந்து பார்ப்பேன். ஒரு கொம்போ காலோ இடம் மாறியிருந்தால் உடனே புகார் எழுதுவேன். முன்பெல்லாம் புகார் எழுதுவது என் வேலையில்லை என்று சும்மா இருந்தவன்தான். ஒரு ஓட்டுதான், ஆனால் இந்தப் பெயர்களைப் படிக்கத் தெரிந்தவனுடைய ஓட்டு.