முறிந்த காலுக்குத் தகடு பூட்டிய பின்: மிருகங்களின் என்புச் சத்திரசிகிச்சை

2021 ஒக்ரோபர் தொடக்கத்தில் ரெக்சாஸ் மாநிலத்தின் டலஸ் மிருகக்காட்சிச்சாலையில் மரெக்கானி என்ற மூன்று மாத ஒட்டகச்சிவிங்கிக் குட்டிக்குக் கால் முறிந்தது. முன்னங்கால் எலும்புகள் உடைந்ததோடு முழங்கை மூட்டும் விலகியிருந்தது. குணமாகும் வாய்ப்பு மிகக் குறைவு என்று கண்ட மிருக வைத்தியர்கள் அதைக் கருணைக்கொலை செய்தார்கள். இவ்வளவு வசதியுள்ள அமெரிக்காவில் ஒரு காலைப் பொருத்த முடியாதா என்று எங்கள் பிள்ளைகள் கேட்பது நியாயம். அதற்கான விடை சத்திரசிகிச்சைக்குப் பிறகு வரும் நாட்களில்தான் இருக்கிறது.

எல்லோருக்கும் ஒரே தகடு

முறிந்த எலும்பு ஒட்டுவதற்கு மூன்று விடயங்கள் வேண்டும்: துண்டுகள் நேராகச் சேர வேண்டும், அசையக்கூடாது, இரத்த ஓட்டம் கெடக்கூடாது. ஊரில் முறிவு நெரிவு பார்க்கும் பரியாரியார் மட்டை வைத்துக் கட்டியதும் துண்டுகள் அசையாமல் இருக்கத்தான். தகடும் திருகாணியும் வைத்துப் பூட்டும் முறையை ஒழுங்குபடுத்த 1958இல் சுவிற்சர்லாந்து வைத்தியர்கள் சிலர் ஏஓ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 1969இல் அதற்கு மிருக வைத்தியப் பிரிவும் உருவானது. செல்லடியில் கால் முறிந்த எங்களவர் பலரின் உடம்பில் இருக்கும் தகடும், குதிரையின் காலில் பூட்டும் தகடும் ஒரே பரம்பரை.

மயக்கம் தெளியும் நேரம்

மனிதரிடம் "மூன்று மாதம் காலை ஊன்றாதே" என்று சொல்லலாம். மிருகத்திடம் சொல்ல முடியாது. 1975 ஜூலை 6ஆம் திகதி நியூயோர்க் பெல்மொன்ற் பார்க் பந்தயத்தில் ரஃபியன் என்ற பெண்குதிரையின் முன்னங்கால் முறிந்தது. சத்திரசிகிச்சை செய்தார்கள். மயக்கம் தெளிந்ததும் அது ஓடுவதுபோல் கால்களை உதைத்து, கட்டை உடைத்து, மீண்டும் காயப்பட்டது. அதைக் கருணைக்கொலை செய்வதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

இந்த ஆபத்துக்கு ஒரு மாற்று வழி, குதிரையை ஒரு மிதவையில் வைத்து வெந்நீர்த் தடாகத்தில் மயக்கம் தெளிய விடுவது. தண்ணீருக்குள் எவ்வளவு உதைத்தாலும் கால் தரையில் மோதாது. நியூஜெர்சியிலிருந்து அதிக தூரம் இல்லாத பென்சில்வேனியா கெனற் ஸ்குயரில் உள்ள நியூ போல்ரன் சென்ரரில் இந்த வசதி இருக்கிறது. 2006 மே மாதம் பிறீக்னெஸ் பந்தயத்தில் பின்னங்கால் நொருங்கிய பார்பரோ என்ற குதிரைக்கு அங்கே வைத்தியர் டீன் றிச்சட்சன் தகடும் 27 திருகாணிகளும் பூட்டினார். பார்பரோ தடாகத்தில் பத்திரமாக விழித்தது.

ஆனால் ஜூலையில் வேறு பிரச்சினை வந்தது. முறிந்த காலைக் காக்கப் பாரத்தை மற்றப் பின்னங்காலில் போட்டதால் அந்தக் குளம்பின் உள்திசு அழற்சியுற்றுக் கழன்றது. 2007 ஜனவரி 29ஆம் திகதி பார்பரோவையும் கருணைக்கொலை செய்தார்கள். நான் தொழிலால் கணக்காளன். எதிலும் முதலில் செலவைத்தான் பார்ப்பேன். எட்டு மாத வைத்தியசாலைச் செலவைத் தாங்கக்கூடிய உரிமையாளர்கள் பார்பரோவுக்கு இருந்தார்கள். அங்கே குறையாக இருந்தது பணம் அல்ல.

ஒட்டகச்சிவிங்கியும் யானையும்

ஒட்டகச்சிவிங்கிக்கு மயக்க மருந்தே பெரிய ஆபத்து. அதன் இரத்த அழுத்தம் மனிதரைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. அசைபோடும் மிருகம் என்பதால், மயக்கத்தில் இரைப்பையில் உள்ளது மேலே வந்து சுவாசக்குழாய்க்குள் போகலாம். விழுந்தெழும்பும்போது கழுத்தும் கால்களும் அடிபடலாம். மூட்டும் விலகியிருந்தால் எலும்பை மட்டும் பூட்டிப் பயனில்லை.

யானைக்கு நிறைதான் எதிரி. மிதிவெடியில் முன்னங்கால் பாதத்தை இழந்த சாமா என்ற யானை இலங்கையின் பின்னவல யானைகள் சரணாலயத்தில் மூன்று காலில் வாழ்ந்ததை அங்கு போனவர்கள் பார்த்திருப்பார்கள். தாய்லாந்தில் 2006இல் மிதிவெடியில் கால் இழந்த மோஷா என்ற குட்டிக்குச் செயற்கைக்கால் பொருத்தினார்கள். அது வளர வளரப் புதிய கால் செய்ய வேண்டியிருந்தது.

பறவைகளுக்கு வாய்ப்பு அதிகம்

பறவைக்கு நிறை குறைவு. எலும்பும் பெரும்பாலும் மூன்று வாரமளவில் ஒட்டிவிடும். எலும்புக்குள் ஒரு கம்பியும் வெளியே ஒரு சட்டமும் பூட்டுவார்கள். ஆனால் சிறகு சற்றே கோணினாலும் பருந்தால் இரை பிடிக்க முடியாது. அப்படிப்பட்டதைக் காட்டில் விடமாட்டார்கள். நியூஜெர்சி மில்லிங்டனில் உள்ள றப்ரர் ட்ரஸ்ற் காயப்பட்ட காட்டுப் பறவைகளை ஏற்றுப் பராமரிக்கும் இடம். பறக்க முடியாத சில பறவைகள் அங்கேயே வாழ்கின்றன.

அடிபட்ட பறவையைக் கண்டால் அதை ஒரு காட்போட் பெட்டிக்குள் விட்டு, மூடி, இருட்டான அமைதியான இடத்தில் வையுங்கள். தண்ணீர் பருக்காதீர்கள், சிறகுக்கு மட்டை கட்டாதீர்கள். அனுமதிப்பத்திரம் பெற்ற பராமரிப்பாளர்களின் பட்டியல் ரெக்சாஸ், கலிபோர்னியா வனவிலங்குத் திணைக்களங்களின் இணையத்தளங்களில் உண்டு. அனுமதி இல்லாமல் பெரும்பாலான காட்டுப் பறவைகளை வீட்டில் வைத்திருப்பது மத்திய சட்டப்படி குற்றம்.

பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லலாம்: வைத்தியருக்கு எலும்பைப் பூட்டத் தெரியும். ஆனால் அது ஒட்டும்வரை வலியைப் பொறுத்துக்கொண்டு அசையாமல் கிடப்பது எதற்காக என்று மிருகத்துக்குத் தெரியாது. போர்க்காலத்தில் காலில் கம்பிச் சட்டத்தோடு மாதக்கணக்கில் பாயில் கிடந்து எழும்பிய எங்கள் சனத்துக்கு அது தெரிந்திருந்தது.