கல்வி விரும்பனின் கடிதம்

பெரியம்மை என்றும் வைசூரி என்றும் நூல்கள் கூறும் நோயை எங்கள் பக்கத்து மூத்தோர் ‘அம்மாள் வருத்தம்’ என்றே சொல்லி வந்தனர். வந்தது நோயன்று, வந்தவள் அம்மாள் என்ற எண்ணம் அச்சொல்லிலேயே உறைந்து கிடக்கிறது. அவளை ஊசிமுனையால் மறிப்பதா என்று அக்காலத்தவர் தயங்கியதில் வியப்பில்லை.

1796இல் இங்கிலாந்து வைத்தியர் எட்வேட் ஜென்னர், பால் கறக்கும் பெண்ணொருத்தியின் கையில் மாட்டிலிருந்து தொற்றியிருந்த கொப்புளத்து நீரை எடுத்து, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனின் கையைக் கீறிச் செலுத்தினார். பின்னர் பெரியம்மைச் சீழையே ஏற்றியபோதும் அவனுக்கு நோய் காணவில்லை. மாட்டின் மெல்லிய அம்மையோடு ஒருமுறை பொருதிய உடல், அதற்கு உறவான கொடிய அம்மையையும் இனங்கண்டு எதிர்க்கின்றது. இந்த அம்மைப்பால் 1802இல் பம்பாய்க்கும், அதே ஆண்டில் இலங்கைக்கும் வந்து சேர்ந்தது.

குளிரூட்டும் வசதி எதுவும் இல்லாத காலம் அது. ஒருவர் கையில் முற்றிய கொப்புளத்திலிருந்து அடுத்தவர் கைக்கு, அவரிடமிருந்து இன்னொருவருக்கு என்று பால் உயிரோடு கடத்தப்பட்டது. யாருடைய கையிலிருந்து யாருடைய கைக்கு? சாதி பார்க்கும் சமூகத்தில் இது சிறிய கேள்வியன்று.

இவ்விடத்தில்தான் இலக்கியம் உள்ளே வருகிறது. 1819 ஜனவரி 12ஆந் திகதி ‘மெட்ராஸ் கூரியர்’ பத்திரிகையில் ‘கல்வி விரும்பன்’ என்ற பெயரில் ஒரு கடிதம் வெளிவந்தது. ‘சாக்தேய கிரந்தம்’ என்ற பழைய வடமொழி நூலில், பசுவின் மடிக் கொப்புளத்து நீரைக் கையிற் கீறிச் செலுத்தும் முறை சொல்லப்பட்டுள்ளது என்பது அதன் சாரம். ஜென்னரின் முறை அப்படியே தன்வந்திரி வாக்காகிவிட்டது!

தமிழாசிரியனான எனக்கு அப்புனைபெயரில் ஒரு மயக்கம் உண்டு. அதன் பின்னால் இருந்தவர் சென்னைக் கலெக்டர் எல்லிஸ் என்று கருத இடமுண்டு. குறளுக்கு ஆங்கிலத்தில் உரை கண்டவர். தென்மொழிகள் தனிக்குடும்பம் என்று 1816இலேயே நிறுவியவர். கல்வெட்டில் ‘எல்லீசன்’ என்று தம்மைப் பொறித்துக்கொண்டவர். அம்மைப்பாலின் பெருமையைச் சக்தியும் தன்வந்திரியும் உரையாடுவதாக அவர் புனைந்த கதையொன்றும் கையெழுத்துப் பிரதியாக எஞ்சியுள்ளது. வடமொழிச் செய்யுள் புனைந்து பழைய தாளில் எழுதுவித்தார் என்று அவரைப்பற்றிச் சொல்லப்பட்டதும் உண்டு. ஆய்வாளர் டொமினிக் வூஜாஸ்டிக் 1987இல் இந்த விவகாரம் முழுவதையும் ஆராய்ந்து, நல்நோக்கில் பிறந்த புரட்டு என்றே தீர்த்தார்.

குற்றமற்ற நன்மை தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்பது வள்ளுவர் கருத்து. குறளில் தோய்ந்த எல்லீசனுக்கு அது தெரியாதிருக்குமா? ஆயினும் ‘குற்றமற்ற’ என்ற நிபந்தனையை அவர் கடந்தாரா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. சாஸ்திரத்தில் இருப்பதாக நம்பி ஒருவன் கையை நீட்டினால், அது இல்லையென்று தெரியும் நாளில் அவன் கையை இழுத்துக்கொள்ளவும் கூடுமல்லவா? இதனிலும் பெரிய வினோதம், ஐரோப்பிய வைத்திய நூல்களும் அச்செய்யுளை மெய்யென்று ஏற்றமை. நம்மவர் சிலர் இன்றும் அதைப் பெருமையோடு எடுத்துக் கூறுகின்றனர்.

கடிதம் வெளிவந்து இரண்டு மாதங்களில், 1819 மார்ச்சில், எல்லிஸ் இராமநாதபுரத்தில் இறந்தார். பிறர் கைப்பால் என்ற அருவருப்பைப் போக்க எந்தச் சுலோகமும் போதவில்லை. கன்றுகளின் தோலிலே பாலை வளர்த்தெடுக்கும் முறை பரவிய பின்னரே அந்தத் தடை விலகத் தொடங்கியது. அதற்கென 1899இல் சென்னைக் கிண்டியில் கிங் நிலையம் எழுந்தது.