மரபிலிருந்து தெரிவுக்கு: காந்தியடிகளின் புலால் மறுப்பும் அதன் எல்லைகளும்

ஆய்வுச் சுருக்கம்

புலால் உண்ணாத குடும்பத்தில் பிறந்த காந்தியடிகள், தம் சொந்த விருப்பத்தால் புலால் மறுத்தவராக மாறியது இலண்டனில்தான் என்று தம் தன்வரலாற்றில் குறிப்பிடுகிறார். குடும்ப வழக்கம், தாய்க்கு அளித்த வாக்குறுதி, ஆராய்ந்து மேற்கொண்ட தெரிவு என்னும் மூன்று நிலைகளை அவரது உணவு வாழ்வில் இக்கட்டுரை வேறுபடுத்திக் காண்கிறது. தம் தெரிவைப் பெரிதாக மதித்த அவர் பிறருடைய தெரிவை எவ்வாறு நடத்தினார் என்பதைக் குடும்பத்திலும் தால்ஸ்தாய் பண்ணையிலும் நிகழ்ந்தவற்றைக் கொண்டு ஆராய்கிறது.

குறிச்சொற்கள்: காந்தியடிகள், புலால் மறுப்பு, ஹென்றி சால்ட், இலண்டன் மரக்கறி உணவுச் சங்கம், தால்ஸ்தாய் பண்ணை, சத்திய சோதனை

முன்னுரை

புலால் மறுத்த பெருமக்களின் பட்டியலில் காந்தியடிகளின் பெயர் தவறாமல் இடம்பெறும். ஷெல்லி, தால்ஸ்தாய், பெர்னார்டு ஷா முதலியோருடன் அவரைச் சேர்த்து எண்ணுவது வழக்கம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஏனைய மூவரும் புலாலுண்ணும் சமூகத்தில் பிறந்து அவ்வழக்கத்தைக் கைவிட்டவர்கள். காந்தியடிகளோ புலால் உண்ணாத வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். பிறப்பிலேயே கிடைத்த ஒன்றை ஒருவர் 'தெரிந்தெடுத்தார்' என்று எப்பொருளில் கூற இயலும் என்னும் வினா இங்கு எழுகிறது.

தமிழ் வழக்கும் இவ்வினாவுக்கு இடம் தருகிறது. 'சைவ உணவு' என்னும் சொல் சமய மரபைச் சுட்டி நிற்கிறது. திருக்குறளின் 26ஆம் அதிகாரத் தலைப்பான 'புலால் மறுத்தல்' ஒருவர் மேற்கொள்ளும் செயலைச் சுட்டுகிறது. முன்னது இருக்கும் நிலை. பின்னது ஏற்கும் முடிவு. காந்தியடிகளின் வாழ்வு முன்னதிலிருந்து பின்னதற்குச் சென்ற ஒன்றாதலின், இக்கட்டுரை 'புலால் மறுப்பு' என்னும் தொடரையே ஆள்கிறது.

முதன்மைச் சான்றுகள் இருவகையின. 1891இல் 'தி வெஜிடேரியன்' என்னும் இலண்டன் வார இதழில் அவர் எழுதிய கட்டுரைகள் நிகழ்காலச் சான்றுகள். 1925 முதல் 1929 வரை 'நவஜீவன்' இதழில் தொடராக வந்த 'சத்திய சோதனை' ஏறத்தாழ 35 ஆண்டுகளுக்குப் பின் நினைவிலிருந்து எழுதப்பெற்றது; வாழ்வைச் சோதனைகளின் வரிசையாகக் காணும் நோக்குடையது. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டே அதனைக் கையாளுதல் வேண்டும்.

1. மரபும் அதன் மீறலும்

1869இல் போர்பந்தரில் பிறந்த காந்தியடிகளின் இளமைச் சூழலில் வைணவமும் சமணமும் கலந்திருந்தன. ஊனுண்ணாமை அங்குக் கேள்விக்கு உட்படாத ஒழுக்கம். கேள்விக்கு உட்படாததனாலேயே அதற்குக் காரணம் கூறவேண்டிய தேவையும் அங்கு எழவில்லை. இராஜ்கோட்டில் உயர்நிலைப்பள்ளியில் பயின்றபோது, ஆங்கிலேயர் புலால் உண்பதனாலேயே வலிமை பெற்று நம்மை ஆள்கின்றனர் என்று நண்பர் ஒருவர் வாதிட்டபொழுது, அதனை மறுக்கும் விடை அவரிடம் இல்லை. இக்கருத்தைச் சொல்லும் நர்மதரின் குஜராத்திப் பாடல் பள்ளிச் சிறுவரிடையே பரவியிருந்தது என்பதையும் அவர் பதிவுசெய்கிறார்.

ஓராண்டுக் காலத்தில் ஐந்தாறு முறை அவர் மறைவாகப் புலால் உண்டார். இதனை நாவின் ஆசை என்பதைவிட நாட்டுச் சீர்திருத்தம் என்றே அக்காலத்தில் கருதினார். பின்னர் அதனைக் கைவிட்டதற்கும் உயிரிரக்கம் காரணமன்று. பெற்றோரிடம் பொய்கூற நேர்ந்ததே காரணம். அவர்கள் காலத்திற்குப் பின் வெளிப்படையாக உண்ணலாம் என்பதே அன்றைய முடிவு. ஆகவே 1888இல் கப்பலேறிய இளைஞர் நடத்தையில் புலால் உண்ணாதவர். கருத்தில் புலாலுணவின் ஆதரவாளர்.

2. வாக்குறுதி என்னும் இடைநிலை

மேற்படிப்புக்காக இலண்டன் செல்ல அவர் முனைந்தபொழுது, தாய் புத்லிபாய் அஞ்சினார். குடும்பத்திற்கு அறிவுரை கூறிவந்த சமணத் துறவி பெச்சார்ஜி சுவாமியின் முன்னிலையில் மது, மாது, புலால் ஆகியவற்றைத் தீண்டுவதில்லை என்று மகன் சூளுரைத்த பின்னரே தாய் இசைந்தார். 1888 செப்டம்பர் 4ஆம் நாள் அவர் பம்பாயிலிருந்து புறப்பட்டார்.

இலண்டன் விடுதிகளில் வேகவைத்த சுவையற்ற காய்கறிகளும் ஒருசில ரொட்டித் துண்டுகளுமே அவருக்குக் கிடைத்தன. கூச்சத்தால் கூடுதலாகக் கேட்கவும் இயலவில்லை. நண்பர் ஒருவர் பெந்தாமின் பயன்பாட்டுக் கொள்கையைப் படித்துக்காட்டி, அறியாத் தாய்க்கு அளித்த வாக்குறுதி அறிவுக்குப் பொருந்தாது என்று வாதிட்டார். அவ்வாதத்திற்கு விடையிறுக்க இயலாது என்றும், எனினும் வாக்கை மீறுவதற்கில்லை என்றும் காந்தியடிகள் கூறினார். அவர் காத்து நின்றது தாய்க்குக் கொடுத்த சொல்லை மட்டுமே. மரபு மௌனமாக இருந்தது, வாக்குறுதி பேசியது, கொள்கை இன்னும் பிறக்கவில்லை.

3. தெரிவு: ஹென்றி சால்ட்டின் நூல்

மரக்கறி உணவகம் தேடி நாள்தோறும் பல மைல் நடந்த அவர், ஃபாரிங்டன் தெருவை ஒட்டி ஓர் உணவகத்தைக் கண்டார். அதன் சாளரத்தில் விற்பனைக்கு வைத்திருந்த நூல்களுள் ஹென்றி சால்ட்டின் 'மரக்கறி உணவுக்கான வேண்டுகோள்' (1886) ஒன்று. அதனை ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கினார். இங்கிலாந்து வந்தபின் முதன்முறையாக வயிறார உண்டதும் அன்றுதான். அந்நூலைப் படித்த நாள்முதலே தாம் விரும்பி மரக்கறி உணவினராக ஆனதாகவும், அதனைப் பரப்புவதையே தம் பணியாகக் கொண்டதாகவும் அவர் எழுதுகிறார்.

சால்ட் (1851–1939) நைனிதாலில் பிறந்த ஆங்கிலேயர். ஈட்டன் பள்ளி ஆசிரியப் பணியைத் துறந்து எளிய வாழ்வை ஏற்றவர். 1891இல் மனிதநேயக் கழகத்தையும் நிறுவியவர். உணவைச் சமூகநீதியோடும் விலங்குகளின் உரிமையோடும் இணைத்துச் சிந்தித்தவர். தொடர்ந்து ஹோவார்டு வில்லியம்ஸின் 'உணவின் அறநெறி' (1883), அன்னா கிங்ஸ்ஃபோர்டின் நூல், டாக்டர் அல்லின்சனின் உடல்நல எழுத்துகள் ஆகியவற்றையும் காந்தியடிகள் பயின்றார். இந்திய இளைஞர் ஒருவருக்கு அவரது குடும்ப வழக்கத்தின் காரணங்களை ஆங்கில நூல்கள் கற்பித்தன என்பது முரணாகத் தோன்றலாம். அங்கு அவ்வழக்கம் சிறுபான்மையினரின் கொள்கை; நாள்தோறும் பிறருக்குக் காரணம் கூறியாக வேண்டிய நிலை. ஆகவே காரணங்கள் அங்கே எழுத்தில் திரண்டிருந்தன.

4. சங்கப் பணி: பொதுவாழ்வின் முதற்பள்ளி

இங்கிலாந்தின் மரக்கறி உணவுச் சங்கம் 1847இல் தோன்றியது. 1888இல் உருவான இலண்டன் சங்கத்தின் தலைவர் கப்பல் கட்டும் நிறுவன முதலாளியான ஏ. எஃப். ஹில்ஸ். காந்தியடிகள் இச்சங்கத்தின் செயற்குழுவில் இடம்பெற்றார். பேஸ்வாட்டர் பகுதியில் ஒரு மன்றத்தையும் தொடங்கினார். 'தி வெஜிடேரியன்' ஆசிரியர் ஓல்டுஃபீல்டு அதன் தலைவர், எட்வின் அர்னால்டு துணைத்தலைவர், காந்தியடிகள் செயலர்.

1891 பிப்ரவரியில் தொடங்கி அவர் எழுதிய 'இந்திய மரக்கறி உணவினர்' என்னும் ஆறு பகுதித் தொடர் அவரது தொடக்கக்கால அச்செழுத்துகளுள் ஒன்று. இந்தியர் அனைவரும் புலால் உண்ணாதவர் அல்லர் என்பதை அதில் தெளிவுபடுத்துகிறார். இந்துக்களின் உடல்நலிவுக்குக் குழந்தை மணத்தையே முக்கியக் காரணமாகக் காட்டி, உணவைக் காரணமாக்கும் கருத்தை மறுக்கிறார். உடலுறுதி மிக்க இடையரைச் சான்றாக்குகிறார். இராஜ்கோட்டு நண்பரின் வாதத்திற்கு அன்று கூறவியலாத விடையை இங்கு அச்சில் காண்கிறோம்.

இக்காலத்தின் முக்கிய நிகழ்வு அல்லின்சன் விவகாரம். கருத்தடை முறைகளை ஆதரித்ததற்காக அவரைச் சங்கத்திலிருந்து நீக்க ஹில்ஸ் முயன்றார். காந்தியடிகளும் கருத்தடையை ஏற்காதவரே. எனினும் சங்கத்தின் நோக்கம் மரக்கறி உணவைப் பரப்புவது மட்டுமே. உறுப்பினரின் பிற ஒழுக்கக் கருத்துகளை அளக்கும் உரிமை அதற்கில்லை என்று வாதிட்டார். எழுதி எடுத்துச்சென்ற உரையைக் கூச்சத்தால் படிக்க இயலாமல், வேறொருவரே படித்தார். அல்லின்சன் தரப்பு தோற்றது. கருத்தில் மாறுபட்டவரின் உரிமைக்காக நிற்றல் என்னும் நிலைப்பாடு உணவுச் சங்கம் ஒன்றிலேயே அவரிடம் முதலில் வெளிப்பட்டது.

5. பிறருடைய தெரிவு: மூன்று நிகழ்வுகள்

1902இல் பம்பாயில் பத்து வயது மகன் மணிலால் கடும் காய்ச்சலில் கிடந்தபொழுது, பார்சி மருத்துவர் ஒருவர் முட்டையும் கோழிச்சாறும் தரவேண்டும் என்றார். காந்தியடிகள் இசையவில்லை. மகனிடமே கருத்துக் கேட்டார், தண்ணீர் மருத்துவத்தையே செய்யுமாறு சிறுவன் கூறினான், பிழைத்தும் எழுந்தான். எனினும் தாம் கோழிச்சாற்றைக் கொடுத்திருந்தால் மகன் அதனையும் உண்டிருப்பான் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். இவ்வொப்புதல் மிக முக்கியமானது. தந்தையின் விருப்பத்தை மகனின் தெரிவு என்று கொள்ள இயலாது என்பதை அவர் அறிந்திருந்தார். அறிந்தும் அச்சோதனையை நிறுத்தவில்லை.

தென்னாப்பிரிக்காவில் அறுவை மருத்துவத்திற்குப்பின் நலிந்திருந்த கஸ்தூர்பாவுக்கு மாட்டிறைச்சிச் சாறு கொடுக்க டர்பன் மருத்துவர் தொலைபேசியில் இசைவு கேட்டார். தம்மால் இசைய இயலாது என்றும், கஸ்தூர்பா பேசும் நிலையில் இருப்பின் அவரையே கேட்கலாம் என்றும் காந்தியடிகள் விடையளித்தார். நேரில் சென்றபோது சாறு முன்னரே கொடுக்கப்பட்டுவிட்டதை அறிந்து வருந்தினார். கஸ்தூர்பாவைக் கேட்டபொழுது அவர் உறுதியாக மறுத்தார். கருத்துக் கேட்கத்தக்க உடல்நிலையில் அவர் இல்லை என்பதையும் காந்தியடிகள் மறைக்கவில்லை. நோயாளியை அறியாமலேயே உணவைப் புகட்டிய மருத்துவர், இறக்கும் நிலையிலும் கொள்கையை வினவிய கணவர் என்னும் இருவரிடையே கஸ்தூர்பாவின் குரல் அவரது கணவரின் எழுத்து வழியாகவே நமக்குக் கிடைக்கிறது.

மூன்றாவது நிகழ்வு 1910இல் ஜோகன்னஸ்பர்க் அருகே கல்லன்பாக்கின் 1,100 ஏக்கர் நிலத்தில் அமைந்த தால்ஸ்தாய் பண்ணை. சிறைசென்ற சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் இங்குத் தங்கின. தமிழர், குஜராத்தியர், ஆந்திரர், வட இந்தியர் எனப் பலரும், இந்துக்கள், முஸ்லிம்கள், பார்சிகள், கிறித்தவர்கள் எனப் பல சமயத்தவரும் கலந்திருந்தனர். புலாலுண்டு பழகியவர் கேட்டால் மாட்டிறைச்சியே ஆயினும் அளிப்பது தம் கடமை என்று காந்தியடிகள் முடிவுசெய்ததைத் 'தென்னாப்பிரிக்க சத்தியாக்கிரகம்' என்னும் நூலில் பதிவுசெய்கிறார். பின்னர்த் தம் கருத்தைப் பெண்களிடம் எடுத்துரைத்து, அவர்களது இசைவுடனேயே ஒரே மரக்கறிச் சமையலறையை அமைத்தார். கணவனோ மகனோ சிறையிலிருக்க, பண்ணையைச் சார்ந்து வாழ்ந்த பெண்களின் இசைவு எந்த அளவு கட்டற்றது என்னும் வினா மணிலால் நிகழ்வைப் போலவே இங்கும் எழுகிறது. ஆயினும் 'கேட்டால் கொடுக்கவேண்டும்' என்னும் முன்முடிவு இதனை வேறுபடுத்துகிறது. குடும்பத்தில் தயங்கிய கொள்கை, பொதுச் சமையலறையில் தெளிவடைந்தது.

6. சொல்லும் உட்பொருளும்

இலண்டனில் புலால் என்பதற்கு மூவகை வரையறைகளைக் காந்தியடிகள் கண்டார்: விலங்கு, பறவைகளின் ஊன் மட்டும், மீன் உள்ளிட்ட எல்லா உயிர்களின் ஊன், முட்டை, பால் உள்ளிட்ட அனைத்தும். முதலிரண்டன்படி முட்டை உண்பதற்குத் தடையில்லை. அவரும் சிறிது காலம் உண்டார். பின்னர், வாக்குறுதியைப் பெற்றவர் அதற்கு என்ன பொருள் கொண்டாரோ அதுவே அதன் பொருள் என்று முடிவுசெய்து, தாயின் கருத்துப்படி முட்டையை விலக்கினார்.

இந்நெறியை அவரால் என்றும் காக்க இயலவில்லை. 1912இல் கல்லன்பாக்குடன் சேர்ந்து பாலைத் துறந்தார். 1918இல் வயிற்றுப்போக்கால் நலிந்து, 1919 தொடக்கத்தில் அறுவை மருத்துவமும் செய்துகொண்டபொழுது, பசும்பாலையும் எருமைப்பாலையும் மட்டுமே அன்று எண்ணியதால் ஆட்டுப்பால் அருந்தலாமே என்று கஸ்தூர்பா சுட்டிக்காட்டினார். வரவிருந்த சத்தியாக்கிரகத்தை நடத்தும் ஆவலால் அவர் இணங்கினார். சூளுரையின் சொல்லைக் காத்து அதன் உட்பொருளைத் துறந்ததாகத் தம்மையே குற்றம் சாட்டிக்கொண்டார். முட்டையில் உட்பொருளைப் பற்றியவர் பாலில் சொல்லைப் பற்றினார். வாழ்நாள் முழுதும் இது அவரை வருத்தியது.

முடிவுரை

1931 நவம்பர் 20ஆம் நாள், வட்டமேசை மாநாட்டிற்காக இலண்டன் வந்திருந்த காந்தியடிகள் மரக்கறி உணவுச் சங்கத்தில் உரையாற்றினார். முதுமையுற்றிருந்த சால்ட்டும் உடனிருந்தார். உடல்நலத்தை மட்டும் அடிப்படையாகக் கொண்ட புலால் மறுப்பு நிலைக்காது. அறமே அதற்கு அடிப்படை என்பதே அவ்வுரையின் மையக் கருத்து.

இவ்வாய்வில் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, புலால் உண்ணாத குடியில் பிறத்தலும் புலால் மறுத்தலும் வேறுவேறு. காந்தியடிகள் ஒன்றிலிருந்து மற்றொன்றை அடைய, இடையில் வாக்குறுதி என்னும் பாலம் தேவைப்பட்டது. இரண்டாவது, இலண்டன் உணவு இயக்கம் அவருக்குக் கொள்கையோடு எழுத்து, அமைப்பு, மாற்றுக் கருத்தைக் காத்தல் ஆகியவற்றிலும் முதற்பயிற்சி அளித்தது. மூன்றாவது, தெரிவு என்பதன் உண்மையான சோதனை பிறர் தட்டில் உள்ள உணவை நாம் நடத்தும் முறையில் அமைகிறது. அச்சோதனையில் அவர் எப்பொழுதும் வென்றாரல்லர். தவறிய இடங்களைப் பெரும்பாலும் அவரே எழுதிவைத்துள்ளார். உணவை அடையாளமாக்கிப் பிறர்மேல் ஏற்றும் முயற்சிகளுக்கு அவர் பெயரைச் சான்றாக்குவோர், கேட்டவருக்கு மாட்டிறைச்சியும் அளிப்பதே தம் கடமை என்று அவர் முடிவுசெய்த தால்ஸ்தாய் பண்ணையையும் சேர்த்துப் படித்தல் வேண்டும்.