நாலு பேர் முன்னால்

நெய்வேலி நகரியத்தில் தெருவுக்குத் தெரு மரம் உண்டு. அக்கிரகாரமோ சேரியோ கிடையாது. 1956-ல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றி, மறு ஆண்டு மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்த பிறகு எழுந்த ஊர் அது. உத்தியோகத்தைப் பார்த்து வீடு கொடுத்தார்களே தவிர, குலத்தைப் பார்த்துக் கொடுக்கவில்லை. இப்படிப்பட்ட ஊரில் மனிதர்கள் மனத்தில் பட்டதைத் தயங்காமல் பேசுவார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "சாதியிலே எனக்கு எள்ளளவும் நம்பிக்கை கிடையாது, சார். ஆனால் பெண்ணுக்குக் கல்யாணம் என்று வரும்போது, நாலு பேர் முன்னாலே அதைச் சொல்ல முடியுமா?"

யார் அந்த நாலு பேர்? மாமன், மைத்துனன், பங்காளி, பால்ய சிநேகிதன். எதிரியை எதிர்த்துப் பேசுவதற்குக் கோபம் ஒன்றே போதும். நம்மை நேசிக்கிறவர்களிடம், அதிலும் நாமே நேற்றுவரை சொல்லி வந்ததற்கு மாறாகச் சொல்வதற்குத்தான் தைரியம் வேண்டும்.

அந்தத் தைரியத்துக்கு ஒரு சாட்சி நெய்வேலிக்குப் பக்கத்திலேயே, வடலூரில் இருக்கிறது.

1823-ல் மருதூரில் பிறந்த ராமலிங்கர், இளமையில் முருகனையும் சிவனையும் உருகி உருகிப் பாடியவர். 1865-ல் அவர் கண்ட சங்கத்தின் பெயர் 'சமரச வேத சன்மார்க்க சங்கம்'. 1867-ல் வடலூரில் பசித்தவர்களுக்குச் சோறிடும் தருமசாலையைத் தொடங்கினார். அதே ஆண்டில் அவருடைய பாடல்கள் 'திருவருட்பா' என்ற பெயரில் அச்சேறின. அவற்றை அருட்பா என்று ஒப்ப யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் மறுத்தார். அந்தப் பூசல் 1869-ல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம்வரை போயிற்று. ஆயினும் அது எதிர்த்தரப்போடு நடந்த வழக்கு. சொந்த அன்பர்கள் அவர் பக்கம் நின்றார்கள்.

அதற்கப்புறம் அவர் செய்ததைத்தான் நான் பெரிதாக எண்ணுகிறேன். 1872-ல் சங்கத்தின் பெயரை 'சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம்' என்று மாற்றினார். 'வேத' என்ற சொல் போய்விட்டது! மறு ஆண்டு மேட்டுக்குப்பத்தில், தம்மைச் சுற்றியிருந்த அன்பர்களிடமே, ஒரு காலத்தில் சைவத்தில் தமக்கு இருந்த பற்று அளவற்றது என்றும், அதைத் தாம் விட்டுவிட்டதாகவும் எடுத்துரைத்தார். தம்மைச் சைவ அடியாராகக் கொண்டாடியவர்களிடம் இப்படிப் பேச எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

1859-ல் லண்டனில் ஜான் ஸ்டூவர்ட் மில் சுதந்திரத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அரசாங்கத்தின் அடக்குமுறையைவிடச் சமுதாயத்தின் அபிப்பிராயம் கொடிய எஜமானனாக முடியும் என்பது அவர் வாதம். அவர் ஏட்டில் எழுதியதை, ஏறக்குறைய அதே காலத்தில், ராமலிங்கர் வடலூரில் வாழ்ந்து பார்த்தார்.

1874 ஜனவரியில் அவர் மேட்டுக்குப்பத்தில் ஓர் அறைக்குள் புகுந்தார். பிறகு அவரை யாரும் காணவில்லை. சாதியையும் சமயத்தையும் வெளிப்படையாக மறுக்கும் பாடல்கள் கொண்ட ஆறாம் திருமுறை, பதினோரு ஆண்டுகள் கழித்து, 1885-ல்தான் அச்சாயிற்று. அன்றைக்கும் அந்த நாலு பேர் இருந்திருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

தைப்பூசத்தன்று நெய்வேலியிலிருந்து குடும்பம் குடும்பமாக வடலூருக்குப் போகிறார்கள். ஏழு திரைகள் விலகி ஜோதி தெரியும்போது, பக்கத்தில் நிற்பவன் என்ன சாதி என்று யாரும் கேட்பதில்லை. தருமசாலைப் பந்தியில் உட்காரும்போதும் கேட்பதில்லை. வீடு திரும்பி, பெண்ணுக்கு வரன் பார்க்க உட்காரும்போதுதான் கேட்கிறார்கள். அந்தச் சமயத்தில் நாலு பேரில் ஒருவர் வாய் திறந்தால் போதும். மற்ற மூவரும் நெடுநாளாக அதையேதான் மனத்துக்குள் பூட்டி வைத்திருந்தார்கள் என்பது அப்போது தெரிய வரலாம்.