மலாயாவுக்குப் போன தலைமுறை

யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலே அறுபது வயதைத் தாண்டியவர் எவரைக் கேட்டாலும் ‘மலாயாப் பென்சன்காரர்’ என்ற சொல்லை அறிந்திருப்பார். தூய வெள்ளை வேட்டி, தோளிலே சால்வை, கையிலே குடை, நேரந் தவறாத நடை, அளந்து பேசும் பேச்சு என்று ஒரு தோற்றமும் அச்சொல்லோடு கூடவே நினைவுக்கு வரும். கல்லால் கட்டிய நாற்சார் வீடும், முன்றிலில் ஒரு சாய்மனைக் கதிரையும் இருந்தால் அது மலாயாக் காசு என்று ஊர் சொல்லும். அந்த வீட்டைப் பற்றியும் காசைப் பற்றியும் நாம் நிறையப் பேசியிருக்கிறோம். அந்தக் காசைத் தேடிய மனிதர், மொழியும் முகமும் அறியாத ஒரு நாட்டிலே எவ்வாறு தொழில் பார்த்தார், எவ்வாறு வாழப் பழகினார் என்பதைப் பற்றிப் பேசியது குறைவு. அதைப் பற்றிச் சிறிது சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொழில் பார்ப்பது வேறு, வாழ்வது வேறு. முதலாவதற்கு ஒருவன் சில மாதங்களிலே பழகிவிடலாம். இரண்டாவதற்குச் சில வேளைகளில் ஒரு தலைமுறையும் போதுவதில்லை. மலாயாவுக்குப் போன எம்மவரின் வரலாறு இந்த வேறுபாட்டைத்தான் எமக்கு உணர்த்துகின்றது என்பது என் கருத்து.

அவர்கள் ஏன் போனார்கள்? 1874ஆம் ஆண்டு பங்கோர் உடன்படிக்கையின் மூலம் பிரித்தானியர் மலாய் மாநிலங்களின் நிருவாகத்தினுள் நுழைந்தனர். பேராக் மாநிலத்தின் முதலாவது பிரித்தானிய வதிவாளரான பேர்ச் என்பவர் முன்னர் இலங்கையிலே சேவை செய்தவர். ஈயச் சுரங்கங்கள் பெருகின. வீதிகளும் புகையிரதப் பாதைகளும் தேவைப்பட்டன. 1896இல் நான்கு மாநிலங்கள் இணைந்து மலாய்க் கூட்டாட்சி மாநிலங்கள் ஆயின. நிருவாகம் விரிந்தபோது ஆங்கிலம் எழுதவும் கணக்கு வைக்கவும் தெரிந்த ஆட்கள் வேண்டியிருந்தது. அக்காலத்து மலாய் மாநிலங்களிலே ஆங்கிலப் பாடசாலைகள் மிகச் சில. கோலாலம்பூர் விக்டோரியாக் கல்லூரியே 1893இல்தான் நிறுவப்பட்டது.

யாழ்ப்பாணத்தின் நிலைமையோ இதற்கு நேர்மாறாக இருந்தது. அமெரிக்க மிசனரிமார் 1823இல் வட்டுக்கோட்டைச் செமினறியைத் தொடங்கினர். வெஸ்லியன் சபையாரும் ஆங்கிலத் திருச்சபையாரும் பாடசாலைகளை நடத்தினர். நாவலர் பெருமான் காட்டிய வழியிலே சைவப் பாடசாலைகள் எழுந்தன. 1888இல் தோன்றிய சைவ பரிபாலன சபையின் முயற்சியால் இந்துக் கல்லூரியும் உருவாயிற்று. இப்பாடசாலைகளிலிருந்து ஆங்கிலங் கற்ற இளைஞர் ஆண்டுதோறும் வெளியேறினர். அவர்கள் அனைவருக்கும் உத்தியோகம் கொடுக்க இலங்கையிலே கந்தோர்கள் இருக்கவில்லை. பிள்ளைகளுக்குப் பிரித்துப் பிரித்துச் சுருங்கிப்போன தோட்டக் காணியும் எல்லோருக்கும் சோறு போடவில்லை. படிப்பு இங்கே மிஞ்சியிருந்தது. வேலை அங்கே மிஞ்சியிருந்தது. இலங்கைப் பொதுவேலைப் பகுதியிலிருந்து சிலாங்கூருக்குச் சென்று, பின்னர் மலாய்க் கூட்டாட்சிப் புகையிரத சேவையின் தலைமை முகாமையாளரான ஸ்பூனர் போன்ற அதிகாரிகள் யாழ்ப்பாணத்தாரின் வேலைத்திறனை அறிந்திருந்தமையும் இதற்குத் துணையாயிற்று.

இதிலே வியப்பான செய்தியொன்று உண்டு. மலாயாவின் முதலாவது புகையிரதப் பாதை, தைப்பிங்கிலிருந்து போட் வெல்ட் துறைமுகம் வரை, 1885இல் திறக்கப்பட்டது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே முதற் புகையிரதம் ஓடியது 1902இல். கொழும்போடு அப்பாதை இணைந்தது 1905இல். தன் சொந்த மண்ணிலே புகையிரதத்தைக் காணாத இளைஞன், கடலுக்கு அப்பாலே ஸ்ரேசன் மாஸ்ரராகிப் பச்சைக் கொடி காட்டிப் புகைவண்டிகளை அனுப்பிவைத்தான்!

கொழும்பிலிருந்தோ நாகபட்டினத்திலிருந்தோ கப்பலேறிப் பினாங்கிலே கால்வைத்த இளைஞனுக்கு முதலிலே கைகொடுத்தது ஊர் உறவுதான். முன்னரே போன ஒன்றுவிட்ட அண்ணனோ, சித்தப்பாவோ, அல்லது ஊரவர் ஒருவரோ இருப்பார். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, சமையலையும் செலவையும் பங்கிட்டுக்கொண்டு வாழ்ந்தார்கள். புதிதாக வந்தவனுக்கு வேலை கிடைக்கும்வரை சோறும் பாயும் அங்கே இனாம். அவனுக்கு வேலை கிடைத்தபின், அடுத்த கப்பலில் வருபவனுக்கு அவன் அதைச் செய்யவேண்டும். எங்கும் எழுதிவைக்கப்படாத சட்டம் இது. வேலை தேடும் கலையையும், துரைமாருக்கு விண்ணப்பம் எழுதும் முறையையும், சந்தை மலாயையும் அவன் அந்த வீட்டிலேதான் கற்றுக்கொண்டான்.

கந்தோர்க் கிளாக்கர், ஓவசியர், நிலஅளவை உதவியாளர், தபாற் கந்தோர் உத்தியோகத்தர், ஆஸ்பத்திரி டிறெசர், றப்பர்த் தோட்டத்துக் கிராணி என்று பல வேலைகளிலே எம்மவர் அமர்ந்தனர். தொழிலுக்கு அவர்கள் பழகிய வேகம் பெரிது. கணக்கிலே ஒரு சதம் பிசகாத கிளாக்கர் என்ற பெயர் அவர்களுக்கு இருந்தது. ஆனால் பொழுது சாய்ந்து கந்தோர் பூட்டியபின் அவர்கள் எந்த நாட்டிலே வாழ்ந்தார்கள்?

இதற்கான விடையைக் கோலாலம்பூரின் பிறிக்பீல்ட்ஸ் பகுதியிலே காணலாம். புகையிரத உத்தியோகத்தர் நிறைந்திருந்த அப்பகுதிக்கு அருகே, ஸ்கொற் வீதியிலே, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தார் கந்தசுவாமி கோயிலொன்றை எழுப்பினார்கள். நல்லூரை மனத்திலே வைத்துக்கொண்டு எழுப்பிய கோயில் அது. விவேகானந்த ஆச்சிரமமும் அதே பகுதியிலே எழுந்தது. சுவாமி விவேகானந்தர் 1897இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து சென்றதை நேரிலே கண்ட தலைமுறையல்லவா அது! இலங்கையிலிருந்து சென்ற சிங்கள மக்களும் அதே பிறிக்பீல்ட்ஸிலே தமது பௌத்த விகாரையை அமைத்தார்கள். தாயகத்திலே பிற்காலத்தில் எதிரெதிரே நிற்க நேர்ந்த இரு சமூகத்தினரும் அங்கே அயலவராகவும் சக ஊழியராகவும் வாழ்ந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது.

சங்கங்கள், கூட்டுறவுச் சங்கம், வாசிகசாலை, விளையாட்டுக் கழகம் என்று மெல்ல மெல்ல ஒரு சின்ன யாழ்ப்பாணமே அங்கு உருவாயிற்று. இலக்கியமும் கூடவே கப்பலேறியது. யாழ்ப்பாணத்துச் சதாசிவ பண்டிதர் பாடிய ‘சிங்கைநகர் அந்தாதி’ 1887இல் சிங்கப்பூரிலே அச்சேறியது. சிங்கப்பூரில் அச்சாகி இன்று எமக்குக் கிடைக்கும் மிகப் பழைய தமிழ் நூல்களுள் அதுவும் ஒன்று. புதிய ஊரை அந்தாதியிலே வைத்துப் பாடுவதும் அந்த ஊருக்குப் பழகுவதற்கான ஒரு வழிதான். தெரியாத தெருவுக்குத் தெரிந்த யாப்பிலே ஒரு முகவரி எழுதிக்கொள்வது போன்றது அது.

எனினும், இந்த வரலாற்றிலே பெருமையை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்வது நேர்மையாகாது. மலாயாவின் றப்பர்த் தோட்டங்களிலே பால்வெட்டியவர்களுள் பெரும்பாலானோர் தமிழ்நாட்டிலிருந்து கங்காணிமார் அழைத்துச் சென்ற ஏழைத் தமிழர். அவர்களுக்கும் வெள்ளைத் துரைக்கும் நடுவே செக்றோல் புத்தகத்தோடு நின்றவர்களிலே யாழ்ப்பாணத்துக் கிராணிமாரும் இருந்தனர். இருவருக்கும் தாய்மொழி ஒன்று. கும்பிட்ட தெய்வம் ஒன்று. ஆயினும் கிராணியின் வீட்டுப் படியிலே தொழிலாளி ஏறுவது அரிதாகவே இருந்தது. நாங்கள் ‘சிலோன்காரர்’ என்று தம்மைத் தனியே எண்ணிக்கொண்ட அந்த மனப்பான்மை ஓர் அரணாக இருந்தது உண்மை. அந்த அரணே எம்மவரைத் தம் சொந்த மொழியினரிடமிருந்தும் பிரித்துவிட்டது. அந்நிய நாட்டிலே மேலே இருப்பவனுடைய பழக்கத்தைப் பழகுவது இலகு. கீழே இருப்பவனுடைய துன்பத்தைப் பழகுவது அரிது. எம் முன்னோர் இந்தப் பாடத்தை முழுமையாகக் கற்றார்கள் என்று என்னாற் சொல்ல முடியவில்லை.

குடும்ப வாழ்க்கையோ இரண்டு கரைகளிலே நடந்தது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கிடைக்கும் நீண்ட லீவிலே மாப்பிள்ளை ஊருக்கு வருவார். சீதனம் பேசி முடிப்பார்கள். லீவு முடியுமுன்னே கலியாணமும் முடிந்துவிடும். சில மனைவியர் கூடவே கப்பலேறினர். சிலர் இங்கேயே தங்கி, மாதந்தோறும் வரும் மணியோடரையும் கடிதத்தையும் பார்த்துக்கொண்டு பிள்ளைகளை வளர்த்தனர். ஒடியலும் புழுக்கொடியலும் இங்கிருந்து போயின. பணமும் படமும் அங்கிருந்து வந்தன. தந்தையின் முகத்தைப் படத்திலே பார்த்துப் பழகிய பிள்ளைகள் எத்தனையோ பேர். கோயில் திருப்பணியும் பாடசாலைக் கட்டடமும் எழுந்தபோது மலாயாவிலிருந்து வந்த தொகையை நாம் கல்லிலே பொறித்தோம். அந்தத் தாய்மாரின் தனிமையை எந்தக் கல்லிலும் பொறிக்கவில்லை.

இந்த இரு கரை வாழ்வு எத்தகைய விளைவுகளைத் தந்தது என்பதற்கு இரண்டு பெரியோரின் பிறப்பே சான்று. தந்தை செல்வா என்று நாம் போற்றும் சா. ஜே. வே. செல்வநாயகம் 1898ஆம் ஆண்டு மலாயாவின் ஈப்போ நகரிலே பிறந்தவர். நான்கு வயதளவில் கல்விக்காகத் தெல்லிப்பழைக்கு அழைத்து வரப்பட்டார். சி. இராசரத்தினம் 1915இல் யாழ்ப்பாணத்திலே பிறந்து, குழந்தையாக மலாயாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். முன்னவர் இலங்கைத் தமிழரின் அரசியல் தலைவரானார். பின்னவர் 1965இல் சிங்கப்பூரின் முதலாவது வெளிநாட்டமைச்சராகி, அந்நாட்டுப் பிள்ளைகள் பாடசாலையிலே சொல்லும் தேசிய உறுதிமொழியையும் ஆக்கினார். ஒரே கடலை இருவரும் எதிரெதிர்த் திசைகளிலே கடந்தனர். எந்தக் கரையிலே வளர்ந்தார்களோ அந்தக் கரையின் கவலையே அவர்களுடைய வாழ்க்கைப் பணி ஆயிற்று.

போன முதல் தலைமுறைக்கு ஊர் திரும்புவது என்பது ஐயமற்ற முடிவு. ஐம்பத்தைந்து வயது, பென்சன், ஊரிலே வீடு, கோயில் திருவிழா என்று வாழ்க்கையை அவர்கள் முன்கூட்டியே வகுத்திருந்தனர். அந்தக் கணக்கைக் குழப்பியது யுத்தம். 1941 டிசம்பர் 8ஆம் திகதி ஜப்பானியர் கோத்தா பாருவிலே தரையிறங்கினர்; 1942 பெப்ரவரி 15ஆம் திகதி சிங்கப்பூர் வீழ்ந்தது. அதன்பின் மூன்றரை ஆண்டுகள் கடிதமில்லை, மணியோடரில்லை. யாழ்ப்பாணத்திலே மலாயாக் காசை நம்பியிருந்த குடும்பங்கள் நகையை அடகுவைத்தன. அங்கே அரிசி கிடையாமல் மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. ஜப்பானியர் வெளியிட்ட நாணயத்தாள் ஈற்றிலே வெறுந் தாளாயிற்று. சீயம்–பர்மா மரணப் புகையிரதப் பாதைக்குப் பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர் கொண்டுசெல்லப்பட்டனர். திரும்பாதோர் மிகப் பலர்.

அந்த மூன்றரை ஆண்டுகளிலே மலாயாவில் இருந்தவர்களுக்கு ஊர் என்பது எட்டாத கனவாயிற்று. பக்கத்து வீட்டு மலாய்க்காரரும் சீனரும் தோட்டத் தமிழருமே உற்றார் ஆயினர். தோட்டத்திலே கிழங்கு நட்டவனுக்குக் கிராணி என்ற பட்டம் பசியாற்றவில்லை. என் கணிப்பின்படி எம்மவர் மலாயாவிலே உண்மையாக வாழத் தொடங்கியது அப்போதுதான். அதுவரை அவர்கள் அங்கே தொழில் பார்த்துக்கொண்டிருந்தனர். 1957 ஆகஸ்ட் 31ஆம் திகதி மலாயா சுதந்திரம் பெற்றபோது, அந்நாட்டையே தமது நாடாக ஏற்றுப் பிரஜைகளாகியோர் பலர். ஊர் திரும்பியோரும் பலர். அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று ஒரே குடும்பம் இரண்டு நாட்டுக் குடும்பங்களாயிற்று.

1983ஆம் ஆண்டின் பின்னர் எம்மிளைஞர் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போயினர். மலாயாவுக்குப் போனவர் பயணச்சீட்டோடும் சான்றிதழோடும் போனார்; இவர்களிற் பலர் உயிரைக் கையிலே பிடித்துக்கொண்டு போனார்கள். இந்த வேறுபாடு பெரிது. ஆயினும் புதிய நாட்டிலே கால்வைத்தவன் முன்னே நிற்கும் வினா ஒன்றுதான்: நான் இங்கே தொழில் பார்க்க வந்தேனா, வாழ வந்தேனா? வகுப்பறையிலே எனக்கு முன்னே இருந்து படித்தவர்களிற் பலர் இன்று அந்த வினாவோடு எங்கெங்கோ இருக்கிறார்கள். கோயிலும் சங்கமும் மொழியும் முதல் நாட்களிலே அவர்களைத் தாங்கும். ஆனால் அயலவனின் மொழியைக் கற்று, அவனுடைய துன்பத்திலே பங்குகொண்டாலன்றி அந்த நாடு வீடாகாது. மலாயாத் தலைமுறை நெடுங்காலம் தாமதித்துக் கற்றுக்கொண்ட பாடம் இது.

அந்தத் தலைமுறையின் சான்றுகள் எம் கண்முன்னே அழிந்துபோகின்றன என்பதே என் கவலை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது எரிந்தவை போக, 1995ஆம் ஆண்டின் பேரிடப்பெயர்விலே வீடுகளிற் கைவிடப்பட்ட கடிதக்கட்டுகள் எத்தனை! வலிகாமம் வடக்கிலே பல்லாண்டுகளின் பின்னர் காணிக்குத் திரும்பியோர் சிலர் அத்திவாரத்தை மட்டுமே கண்டனர். எஞ்சிய வீடுகளின் தகரப் பெட்டிகளிலே இன்னும் சில கடிதங்கள், பென்சன் பத்திரங்கள், மங்கிய படங்கள் இருக்கக்கூடும். பழைய கடதாசி என்று அவற்றை எரித்துவிடவேண்டாம். ஒரு பிரதியை அயலிலுள்ள நூலகத்துக்கோ பாடசாலைக்கோ கொடுத்து வையுங்கள். இன்று வெளிநாட்டிலே பிறக்கும் எங்கள் பேரப்பிள்ளைகள் என்றோ ஒருநாள், தமக்கு முன்னரும் இந்த வழியால் ஒருவர் போயிருக்கிறாரா என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கான விடை அந்தத் தகரப் பெட்டிகளிலேதான் இருக்கிறது.